மெழுகுவர்த்தி அச்சு வாங்கும் முன்

கேள்வி இதுதான். தென்காசிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பில் மூன்று மாற்றுத்திறனாளி மாணவர்கள். ஒரு பையனுக்கு லேசான அறிவுசார் குறைபாடு, ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது, இன்னொரு பெண்ணுக்குப் பார்வை மிகவும் குறைவு. பள்ளி முடிந்ததும் வீட்டில் முடங்காமல் இவர்கள் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும், அதற்கு இப்போதே என்ன செய்யலாம்? ஊர்ப் பெரியவர் ஒருவர் 50,000 ரூபாய் தருகிறேன் என்கிறார், அதை வைத்து மெழுகுவர்த்தியும் பேப்பர் கவரும் செய்யக் கற்றுக்கொடுக்கலாமா?

டீச்சர், பணத்தை வாங்கி வையுங்கள். மெழுகுவர்த்தி அச்சு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். இவர்களுக்கான எந்தப் பயிற்சி மையத்துக்குப் போனாலும் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பினாயில், மிதியடி, பேப்பர் கவர் என்று இந்த ஐந்தைத்தான் பார்க்கிறேன். ஏன் இந்த ஐந்து என்றால், வகுப்பறையை விட்டு வெளியே போகாமலே சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் கையில் ஒரு பொட்டலம் கொடுக்கலாம், அவரும் பாவம் பிள்ளைகள் என்று இருபது ரூபாய்ப் பொருளுக்கு இருநூறு கொடுத்துவிட்டுப் போவார். விழா முடிந்த மறுநாள் யார் வாங்குவது? கரண்ட் போனால் செல்போன் டார்ச்சை அடிக்கிற காலம் இது. பேப்பர் கவர் கொஞ்சம் பரவாயில்லை. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த சமயம் எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள், அப்புறம் மெஷினில் ஒட்டிய கவர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியதும் எங்கள் பிள்ளைகள் ஒட்டியதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

விற்காது என்பதுகூட இரண்டாவது சங்கதிதான். அந்த அறைக்குள் நாலு வருடம் உட்கார்ந்து திரி கோத்த பையனுக்கு, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் வேலை பார்த்துப் பழக்கமே இருக்காது. எனக்கு இது உறைத்தது ஒரு ஹார்டுவேர் கடையில்.

அங்கே நான் கொண்டுபோய்ச் சேர்த்த பையனுக்கு 18 வயது, பத்துக்கு மேல் எண்ண வராது. கடைக்காரருக்குத் தேவைப்பட்டதோ, மூட்டையில் வரும் ஸ்குரூவை முப்பது முப்பதாகப் பொட்டலம் போட ஓர் ஆள். எண்ணத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாசலில் நின்றபோது, பக்கத்து மளிகைக் கடையில் காலி முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருந்தது கண்ணில் பட்டது. ஓர் அட்டையில் முப்பது குழி. குழிக்கு ஒரு ஸ்குரூ போடு, ஒரு குழிகூடக் காலியாக இல்லையா, அட்டையை வளைத்து அப்படியே கவருக்குள் கொட்டு, அடுத்ததை எடு. அரை நாளில் பிடித்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரே சொன்னார், "நம்ம பசங்க எண்ணிப் போட்டாத்தான் ஒண்ணு ரெண்டு குறையுது சார், இவன் போட்டா கரெக்டா இருக்கு." எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது மாதம் அதே மனிதர் போன் செய்து, நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்றார்.

ஸ்குரூவில் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் டீ நேரத்தில் வந்தது. பதினோரு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போகும் அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "உங்க பேரென்ன, உங்க வீட்ல டிவி இருக்கா" என்று கேட்டிருக்கிறான், பெயிண்ட் வாங்க வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கியவன் விடவே இல்லை. எங்கள் பள்ளியில் அது செல்லம். வருகிற எல்லோரையும் கட்டிப்பிடிப்பான், நாங்களும் சிரித்தபடி கன்னத்தைத் தட்டிக்கொடுப்போம். பதினெட்டு வயதில் கடையில் அதையே செய்தால் புகார். பத்து வருடம் தட்டிக்கொடுத்த நாங்கள்தான் அந்த வேலையைக் கெடுத்தோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை பறிபோனதைப் பார்த்துவிட்டேன். வேலை தெரியாமல் வேலை போனது அபூர்வம். நேரத்துக்கு வராதது, சொல்லாமல் நின்றுவிட்டது, முதலாளி ஒரு சத்தம் போட்டதும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது, தாத்தா இறந்த காரியத்துக்கு என்று கூட்டிப்போன பெற்றோர் ஒரு மாதம் திருப்பி அனுப்பாதது, இவைதான். அதனால் உங்கள் பையனுக்கு எந்தத் தொழில் என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டாம். எந்தத் தொழிலுக்குப் போனாலும் தேவைப்படுகிற இந்தச் சில்லறைப் பழக்கங்களை ஆரம்பியுங்கள், பதினைந்து வயதே கொஞ்சம் லேட்தான். இன்றிலிருந்து அவனை யாரும் குட்டி, செல்லம் என்று கூப்பிட வேண்டாம். வணக்கம் சொன்னால் போதும், தொட வேண்டாம். டீ நேரத்தில் உட்கார ஓர் இடம், குடித்துவிட்டு டம்ளரை வைக்க ஓர் இடம், மணி பார்த்து எழுந்திருக்க ஒரு வாட்ச். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு, யாரும் வாய் விட்டுப் பேசமாட்டார்கள்: மாதவிலக்கு நாட்களில் தானே நாப்கின் மாற்றிச் சுருட்டிப் போடத் தெரிந்தால் அவள் வேலையில் நிற்பாள். தெரியாததாலேயே மாதம் அஞ்சு நாள் வீட்டில் நிறுத்தி, அப்புறம் மொத்தமாக நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பஸ். நான் பாதி வேலையை பஸ்ஸில்தான் செய்கிறேன் என்று சொன்னால் என் மேலதிகாரி சிரிப்பார். ஆனால் தானாக ஒரு பஸ் ஏறி இறங்கத் தெரியாதவனுக்குக் கிடைக்கிற எந்த வேலையும், அவன் அப்பாவோ அம்மாவோ கூட்டிப்போய் விட முடிகிற வரைக்கும்தான். முதல் வாரம் அவன் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாவது வாரம் அதே பஸ்ஸில் நாலு சீட் பின்னால். மூன்றாவது வாரம் அவனை ஏற்றிவிட்டு நீங்களோ அவன் அண்ணனோ டூவீலரில் பின்னால் போங்கள், அவனுக்குத் தெரியக்கூடாது. போர்டு படிக்க வராவிட்டால் ஊர்ப்பெயரின் உருவத்தை அட்டையில் எழுதிப் பழக்கலாம், இல்லை, நடத்துனரிடம் "அண்ணே, தென்காசி போகுமா" என்று கேட்கப் பழக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் கேட்கத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். இவ்வளவும் வந்த பிறகுதான் உண்மையான பாடம்: பஸ் வராத நாள். பஸ் வராவிட்டால் எவ்வளவு நேரம் நிற்பது, யாருக்குப் போன் அடிப்பது, போனில் சார்ஜ் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரரிடம் கேட்பது. இதை வேண்டுமென்றே ஒரு நாள் நடத்திப் பாருங்கள். கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் 2021இலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இலவசம்தான்.

இந்த இடத்தில் அவன் அம்மா குறுக்கே நிற்பார். எல்லா அம்மாவும் நின்றிருக்கிறார்கள், தப்புச் சொல்ல மாட்டேன், பதினைந்து வருடம் கண்ணில் வைத்துப் பார்த்த பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் ஏற்று என்றால் யாருக்கும் பதறத்தான் செய்யும். அவரிடம் பஸ்ஸில் ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும் என்பதில் ஆரம்பியுங்கள். காலையில் அலாரம் வைத்து அவனே எழட்டும், அவன் சட்டையை அவனே துவைக்கட்டும், தெருமுனைக் கடையில் பால் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வரட்டும். முதல் மாதம் தட்டில் பருக்கை ஒட்டியிருக்கும், சில்லறை குறையும், குறையட்டும். வீட்டில் ஒரு வேலைக்கும் கை நீட்டாத பிள்ளை கடையில் போய் எட்டு மணி நேரம் நிற்பான் என்று எந்த நம்பிக்கையில் அனுப்புவது? அமெரிக்காவில் மாணவருக்கு 16 வயது ஆனதும் அவருடைய கல்வித் திட்டத்திலேயே பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டமும் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நமக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்த அம்மாவும் நீங்களும் பையனும் உட்கார்ந்து நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பையனும் என்று சொன்னதைக் கவனியுங்கள், அவனைக் கேட்காமல் எழுதிய நோட்டு எதற்கும் ஆகாது.

இது கொஞ்சம் பழகியதும் கடைகளுக்குப் போகலாம். சட்டம் தெரிந்துகொள்ளுங்கள்: 14 வயதுக்குள் வேலைக்கு வைக்கவே கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகள் கூடாது. நான் சொல்வதும் வேலைக்கு வைப்பதை அல்ல, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், நீங்கள் கூடவே இருந்து, ஒரு மாதம் ஜெராக்ஸ் கடை, அடுத்த மாதம் நர்சரித் தோட்டம், அதற்கடுத்து பேக்கரி என்று சுற்றிக்காட்டுவது. எது பிடிக்கிறது, எதில் அலுக்கிறான், சத்தம் அதிகமானால் காதைப் பொத்துகிறானா, இதெல்லாம் அங்கேதான் தெரியும். கடைக்காரரிடம் கேட்கும் விதம் முக்கியம். "ஒரு மாற்றுத்திறனாளிப் பையன் இருக்கான், ஏதாவது வேலை போட்டுக் குடுங்க" என்று கேட்டால் ஐம்பது ரூபாய் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். "உங்க கடையில தினமும் செய்ய ஆளில்லாம தேங்கிக் கிடக்கிற வேலை எது?" என்று கேளுங்கள். லேபிள் ஒட்டுவது, காலி பாட்டில் அடுக்குவது, பில் புத்தகத்துக்குச் சீல் வைப்பது என்று ஏதோ ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். அந்த வேலையைப் பிரித்து எடுத்து, உங்கள் பையன் செய்யும்படி ஒரு முட்டை அட்டையைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அப்புறம் 18 ஆனபின் நிரந்தரமாகச் சேரும்போது சம்பளத்தை சம்பளமாகப் பேசுங்கள், "ஏதோ பாக்கெட் மணி குடுங்க சார்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், அடுத்த பத்து வருடமும் அவனுக்கு அதுதான் கிடைக்கும். கணக்கு அவன் பெயரில், ஏடிஎம் கார்டு அவன் கையில்.

சரி, அந்த இரண்டு பெண்கள். காது கேட்காத பெண்ணைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கவலை அவளுடைய எழுத்து. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குத் தேர்வில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு, நியாயமான சலுகைதான், ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால் ஆறாம் வகுப்பிலேயே அந்த மொழியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள், பன்னிரண்டு முடித்து வரும் பெண்ணுக்கு மேனேஜருக்கு "நாளை எனக்கு லீவு வேண்டும், ஆஸ்பத்திரி போகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுத வராது. தேர்வுக்கு விலக்கு வாங்குங்கள், கற்றுக்கொள்வதற்கு வாங்காதீர்கள். தினம் அவளோடு வாட்ஸ்அப்பில் எழுதிப் பேசுங்கள், தமிழிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும், திருத்திக்கொண்டே இராதீர்கள், பதில் போடுங்கள். பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தால் இந்த லீவிலேயே சேர்த்துவிடுங்கள், அரசுத் தேர்வில் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். சைகை மொழி தெரிந்தவர்கள் வீட்டில் இல்லையென்றால் அம்மாவும் தங்கையும் கற்றுக்கொள்ளட்டும், அவள் மட்டும் எல்லோர் உதட்டையும் பார்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டும் என்பது அநியாயம்.

பார்வை குறைந்த பெண்ணுக்கு ஸ்கிரைப், அதாவது அவள் சொல்லச் சொல்ல எழுதும் ஆள், வைத்துத் தேர்வு எழுத வைத்திருப்பீர்கள். அது தேர்வு வரைக்கும் சரி. அலுவலகத்தில் ஸ்கிரைப் கிடையாது, அங்கே அவளே அடிக்க வேண்டும், அவளே படிக்க வேண்டும். என்விடிஏ என்று ஒரு மென்பொருள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும், இலவசம், தமிழும் படிக்கும். குரல் முதலில் ரோபோ பேசுவது மாதிரி இருக்கும், இரண்டு வாரத்தில் காது பழகிவிடும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கீபோர்டிலேயே எல்லாம் செய்யப் பழக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் இதே மாதிரி படித்துக்காட்டும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது, செட்டிங்ஸில் ஆன் செய்தால் போதும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், அந்தப் பணியில் முழுமையாகப் பார்வை இல்லாத முதல் அதிகாரி. அவர் பெயரைச் சொல்லித் தன்னம்பிக்கைப் பேச்சு நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அந்தப் பெண்ணிடம் சொல்வதாக இருந்தால், அவர் அதற்கு முன்பு ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக வேலை பார்த்தார் என்பதையும், திரையைப் படிக்கும் மென்பொருளை வைத்துத்தான் படித்தார் என்பதையும் சொல்வேன். வங்கி வேலை என்பது அவளுக்கு எட்டாத தூரமில்லை. போட்டித் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, விண்ணப்பம் போடும்போதே அதற்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், தேர்வன்று போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.

மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று கற்றுக்கொடுங்கள்: தனக்கு என்ன தேவை என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல. "எனக்கு வாயால் சொன்னால் மறந்துவிடும் சார், படம் வரைந்து கொடுத்தால் செய்துவிடுவேன்." "எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள்." கண்ணாடி முன் நின்று இருபது தடவை சொல்லட்டும். பெற்றோர் சொல்லி, ஆசிரியர் சொல்லியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வாயில் வர ஒரு வருடம்கூட ஆகும். வேலை கொடுப்பவர் பயப்படுவது குறைபாட்டைப் பார்த்து இல்லை, இவர்களிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாமல்தான், அதை இவர்களே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்று பேரிடமும் இருக்கிறதா, அதில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா, சின்ன வயதில் கொடுத்த சான்றிதழ் என்றால் காலாவதி தேதி இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் ஒதுக்கீடு. பழைய 1995 சட்டத்தில் 3 சதவீதம்தான், அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பங்கே இல்லை. இப்போது ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடு உள்ளவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜனவரியில் எந்தெந்தப் பதவி யார் யாருக்குப் பொருந்தும் என்று 3,566 பதவிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது, அதில் உங்கள் பெண்கள் இருவருக்கும் பொருந்துவதைத் தேடி அவர்கள் கையிலேயே கொடுங்கள். பையனை எப்படியாவது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க வைக்கப் பாருங்கள், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கே அது வேண்டும். பள்ளித் தேர்வு முடியவில்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, பாடங்களை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கலாம். பத்து முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. மாத உதவித்தொகை 2,000 வாங்கும் வீடு என்றால், வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்ற பயத்திலேயே பிள்ளையை வீட்டில் வைத்திருப்பார்கள். அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை அந்த அம்மாவின் காதுபடச் சொல்ல வையுங்கள், உங்கள் வாயால் சொன்னால் நம்பமாட்டார்.

ஆய்க்குடி உங்களுக்குப் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981இலிருந்து அங்கே இருக்கிறது, தொழிற்பயிற்சியும் உண்டு, ஒரு சனிக்கிழமை மூன்று பேரையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலுவலகம் நடத்துவதை அந்தப் பெற்றோர் கண்ணால் பார்ப்பதே பெரிய காரியம். சென்னை போக முடிந்தால் கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை மறந்துவிடாதீர்கள், பாவம் அவருக்குப் பத்துப் பதினைந்து பள்ளி இருக்கும், ஆனாலும் பஸ் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் கேட்டால் வருவார்.

அந்த ஹார்டுவேர் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஆறு மாதம் டீ குடிக்கப் பழக்கினோம், நிஜமாகவே அதைத்தான் செய்தோம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் தொடாமல், கால் மணி நேரம். அப்புறம் வேறு ஒரு கடையில் சேர்ந்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறான், போன தீபாவளிக்குப் போனஸ் வாங்கித் தன் அம்மாவுக்குப் புடவை எடுத்தான், நிறம் படு கண்றாவி, அம்மா அதைத்தான் கட்டிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார்.

இப்போது அந்த 50,000. பையனோடு பஸ்ஸில் போய், கடையில் கூடவே நின்று, மெதுவாகப் பின்வாங்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஊரில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணோ பையனோ கிடைப்பார்கள், சனிக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் மட்டும் வர மாதம் 3,000 என்று பேசினால் ஒரு வருடத்துக்கு 36,000. மிச்சத்தில் என்விடிஏ போட ஒரு பழைய லேப்டாப், இரண்டு ஹெட்போன், தட்டச்சுக்குக் கட்டணம். பணம் கொடுக்கும் பெரியவர் தன் பெயர் எழுதிய போர்டு எங்கே என்று கேட்பார், மெழுகுவர்த்தி அறை என்றால் வாசலில் மாட்டலாம், இதில் மாட்ட இடமில்லை. லேப்டாப் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் முதல் சனிக்கிழமை அவரையே பையனோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.